அம்மாவின் சக்களத்தி வீட்டுக்கு

முதல் நாள்: மங்களூர் மெயில்

அரக்கோணம் தாண்டிவிட்டது. அம்மா கீழ் பெர்த்தில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை. தலைமாட்டில் வைத்த பையை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். அதில் அப்பாவின் ஹெச்.எம்.டி. கைக்கடிகாரமும், ரப்பர் பேண்டு போட்ட மூன்று நோட்டுகளும் இருக்கின்றன.

அப்பா ரயில்வேயில் சிவில் இன்ஜினியர். டிப்ளமோ முடித்துவிட்டு திருச்சி டிவிஷனில் வொர்க்ஸ் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்து, 2001-இல் ஓய்வு பெற்றார். போன வருஷம் 83 வயசில் போய்ச் சேர்ந்தார். எங்கள் சொந்தத்தில் அவரைப் போல ஊர் சுற்றிய ஆள் இன்னொருவர் கிடையாது. 1979-இல் நைஜீரியா ரயில்வேயை நடத்திக் கொடுக்கும் பொறுப்பை இந்திய ரயில்வேயின் ஆலோசனை நிறுவனமான ரைட்ஸ் எடுத்துக்கொண்டபோது, லாகோஸுக்குப் போன கூட்டத்தில் அவரும் ஒருவர். மூன்று வருஷம் அங்கே மூன்றரை அடி கேஜில் (தண்டவாள இடைவெளி) வேலை பார்த்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடும் மிளகாயே போடாத சமையலின் மேல் தீராத கோபத்தோடும் திரும்பினார். (அங்கே மிளகாய் தாராளமாகப் போடுவார்களாம். அவருக்குச் சமைத்துப்போட்டவர் மலையாளி நண்பர். கோபம் அவர் மேல்தான்.) ஓய்வு பெற்ற பிறகு ரயில்வேயின் இலவசப் பாஸை வைத்துக்கொண்டு துவாரகா, குவாஹாட்டி, ஜம்மு என்று எல்லா மூலைக்கும் போனார். எல்லா இடத்துக்கும் அம்மாவும் கூடவே போனாள்.

ஒரே ஒரு பாதையில் மட்டும் அவள் கால் வைக்கவில்லை.

1991-லிருந்து 97 வரை அப்பா கொங்கண் ரயில்வேயில் இருந்தார். நாங்கள் பொன்மலை குவார்ட்டர்ஸில். அவர் மேற்குக் கடற்கரையில் எங்கேயோ மழையில். மும்பைக்குத் தெற்கே இருக்கும் ரோகாவிலிருந்து மங்களூருக்குப் பக்கத்துத் தோக்கூர் வரை 741 கிலோமீட்டர். 1998 ஜனவரி 26-ஆம் தேதி முழுப் பாதையும் திறந்தாயிற்று. "வா, ஒரு தரம் போயிட்டு வருவோம்" என்று கூப்பிட்டார். "உங்க சக்களத்தி வீட்டுக்கு நான் எதுக்கு?" என்றாள் அம்மா. அப்புறம் அவர் எத்தனை தரம் கேட்டும் அதே பதில்தான். மும்பைக்குப் போவதென்றால் குண்டக்கல் வழி. கோவாவே வேண்டாம்.

போன வாரம் தலைத்திவசம் முடிந்து, வந்த சொந்தமெல்லாம் கிளம்பிப் போன பிறகு, அண்டாவைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவளை ஒரு தரம் போய்ப் பாத்துட்டு வந்துடலாம்டி."

"எவளைம்மா?"

"அதான், உங்கப்பா கட்டினாரே."

மங்களூர் வரை அம்மாவுடைய பாஸ். அதற்கு விடோ பாஸ் என்று பெயர். அந்தப் பேரை அவள் வாயால் சொல்ல மாட்டாள். "அவரோட பாஸ்" என்பாள்.

இரண்டாம் நாள்: மங்களூர், உடுப்பி

மத்தியானம் மங்களூர். மழை என்றால் அப்படி ஒரு மழை. நம் ஊரில் மழை பெய்து ஓயும். இங்கே ஓய்வதாகத் தெரியவில்லை.

சாயங்காலம் உடுப்பி போனோம். மங்களூர் – உடுப்பி, 1993-இலேயே முதலில் திறந்துவிட்ட துண்டு. அந்த வாரக் கடிதத்தில் அப்பா எங்களுக்கு ஒரு ரயில் படம் வரைந்து அனுப்பியிருந்தார், இன்ஜினுக்கு மாலை போட்டு. கிருஷ்ணனை ஒன்பது ஓட்டை உள்ள வெள்ளிப் பலகணி வழியாகத்தான் பார்க்க வேண்டும். அம்மா ஓட்டை ஓட்டையாகக் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். சூடாகக் கோலி பஜே, ஒரு காபி. இன்று இவ்வளவுதான். காலையில் சீக்கிரம் எழ வேண்டும்.

மூன்றாம் நாள்: ஹொன்னாவர்

மட்காவ் போகும் காலைப் பாசஞ்சரில் ஏறினோம். அம்மாவுக்கு ஜன்னல். இடது பக்கம் தென்னையும் கடலும், வலது பக்கம் மலை, நடுவில் நனைந்த வயல். பைந்தூர் வரைக்கும் அவள் ஒன்றும் பேசவில்லை. கல்யாணத்துக்குப் போன இடத்தில் மாப்பிள்ளை வீட்டாரை எடை போடுகிற மாதிரி பார்த்துக்கொண்டே வந்தாள். பட்கல் தாண்டியதும், "ஆடவே இல்லை பாரு" என்றாள். தண்டவாளத்தைச் சொன்னாள்.

அப்பா சொல்லிச் சொல்லி எங்களுக்கே மனப்பாடம்: இந்தப் பாதையில் ஏற்றம் 150-க்கு ஒன்றுக்கு (150 மீட்டர் போனால் ஒரு மீட்டர்) மேல் கிடையாது, வளைவு எல்லாம் 1,250 மீட்டர் ஆரத்துக்குக் குறையாது, மணிக்கு 160 கிலோமீட்டருக்கு வடிவமைத்தது. மலையும் ஆறும் மாறி மாறி வருகிற நிலத்தில் இப்படி நேராகப் போக வேண்டும் என்றால் மலையைக் குடைய வேண்டும், ஆற்றைத் தாண்ட வேண்டும், வேறு வழி இல்லை. அதனால்தான் தொண்ணூறுக்கு மேல் சுரங்கம், சின்னதும் பெரியதுமாக இரண்டாயிரத்தை ஒட்டிய பாலம். "செலவு பண்றதுன்னு ஆச்சு, ஒரேயடியா நல்லதா பண்ணிடணும்" என்பார். வீட்டில் அந்தக் கொள்கை செல்லுபடியாகாது. என் தம்பிக்கு வாங்கிய சைக்கிள் செகண்ட் ஹேண்ட்.

எந்த ரயிலில் ஏறினாலும் அப்பாவுக்கு ஒரு விளையாட்டு உண்டு. ஓரத்தில் நடுகிற கிலோமீட்டர் கல் ஒன்று கடந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பார். அடுத்த கல் வரும்வரை விநாடி எண்ணுவார். 3,600-ஐ அந்த எண்ணால் வகுத்தால் வேகம். 36 விநாடி என்றால் நூறு. 48 என்றால் எழுபத்தைந்து. சின்ன வயசில் நானும் தம்பியும் போட்டி போட்டுச் சொல்வோம். அம்மா அந்த ஆட்டத்தில் சேரவே மாட்டாள். "போய்ச் சேந்தா போதாதா?" என்று கட்டுச்சோற்றைப் பிரிப்பாள்.

ஹொன்னாவருக்கு முன்னால் ஷராவதி. ஜோக் அருவியாக விழுகிற அதே ஆறு, கடலில் சேரும் இடத்தில் ஏரி மாதிரி விரிந்து கிடக்கிறது. அதன் மேல் இரண்டு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் அதிகமான பாலம். அப்பா முதலில் வேலை பார்த்தது இங்கேதான். பாலத்தில் ஏறியதும் சத்தம் மாறும் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டே, இது இரும்பு கர்டர், இது ஜல்லி போட்ட கான்கிரீட் என்று சொல்லிவிடுவார். எனக்கு மழைச் சத்தத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. அம்மா கம்பியைப் பிடித்தபடி கீழே தண்ணீரைப் பார்த்தாள். ஒரு பக்கம் நெடுஞ்சாலைப் பாலம், அதில் எறும்பு மாதிரி லாரிகள். இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆனது. கரை வந்த பிறகுதான் அவள் மூச்சை விட்டாள் என்று நினைக்கிறேன்.

"இத்தனை நீளம்னு அவர் சொல்லவே இல்லையே."

சொன்னார். பத்துத் தரமாவது சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

லாட்ஜில் நோட்டுகளைப் பிரித்தோம். மூன்றும் லெவல் புக். டம்பி லெவல் வைத்து நிலத்தின் ஏற்ற இறக்கம் எடுக்கும்போது எழுதுகிற கட்டம் போட்ட நோட்டு. பேக் சைட், இன்டர்மீடியட் சைட், ஃபோர் சைட் என்று பத்தி பத்தியாகப் பென்சிலில் மூன்று தசம எண்கள். இத்தனை வருஷமாக அம்மா அதைப் பால் கணக்கு என்றே நினைத்திருந்தாளாம். ஒரு விதத்தில் சரிதான். கடைசிப் பக்கங்களில் பால் கணக்கும் இருக்கிறது. "காஸ் புக் பண்ண வேண்டிய நாள்", "எல்.ஐ.சி. இரண்டாவது தவணை", "பாப்பா பரீட்சை ஃபீஸ்", "அவளுக்கு முட்டி வலித் தைலம் – மங்களூரில் கேட்கணும்". அறுநூறு மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு எங்கள் வீட்டு சிலிண்டர் எப்போது தீரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

"அந்தத் தைலம் வரவே இல்லை" என்றாள் அம்மா.

சாயங்காலம் மழை விட்ட நேரம் ஆற்றங்கரைப் பக்கம் நடந்தோம். டீக்கடையில் அம்மா தனக்குத் தெரிந்த ஹிந்தியில், பாலம் கட்டினபோது இங்கே ஒரு தமிழ் இன்ஜினியர் இருந்தார், தெரியுமா என்று கேட்டாள். கடைக்காரப் பையனுக்கு இருபத்தைந்து வயசு இருந்தால் அதிகம். பாலம் கட்டும்போது அவன் பிறக்கவே இல்லை. சிரித்துக்கொண்டே அம்மாவுக்குச் சர்க்கரை ஜாஸ்தியாகப் போட்டுக் கொடுத்தான்.

நான்காம் நாள்: பெர்னெம், கோவா

இந்த நாளைத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

கோவாவில் ஆரம்பத்திலிருந்தே பாதைக்கு எதிர்ப்பு. உப்புத் தண்ணீரைக் கரை கட்டித் தடுத்துப் பயிரிடுகிற கடலோரத்து கஸான் வயல்கள் பாழாகும், தண்ணீர் வடியாது என்று மக்கள் போராடினார்கள். வேலை நின்றது, விசாரணைக் கமிஷன் வந்தது, மறுபடி தொடங்கியது. அப்பா அதைப் பற்றிக் கோபமாக எதுவும் எழுதியதில்லை. "அவங்க வயல். நம்ம ஊர்ல வாய்க்காலை மறிச்சா நாம சும்மா இருப்போமா?" என்று ஒரு கடிதத்தில் இருந்தது. அப்பா கும்பகோணம் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளை.

உண்மையான சண்டை மண்ணோடு. பாறையைக் குடைவது சுலபம். துளை போட்டு, வெடி வைத்து, உடைத்து எடுத்துவிடலாம். பெர்னெம் மலை வெளியே பார்க்கச் செம்பாறை. உள்ளே ஈரக் களிமண். அப்பா பாஷையில் "பாதி வெந்த களி". வெடி வைக்க முடியாது, பெரிய மிஷினை விட முடியாது. முகப்பில் இரும்புக் கம்பிகளை வரிசையாகச் செருகி, அதன் நிழலில் ஆட்கள் மண்வெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, உடனே இரும்பு வளைவு நிறுத்தித் தாங்க வேண்டும். ஒன்றரை கிலோமீட்டர் சுரங்கம் வருஷக் கணக்கில் இழுத்தது. இப்படி மென்மண் சுரங்கங்கள் ஒன்பது. கடைசிவரை மொத்தப் பாதையையும் காக்க வைத்தது பெர்னெம்தான். ஒரு இன்லாண்ட் லெட்டர் இன்னும் இருக்கிறது: "இன்று ஒன்றும் நகரவில்லை. நேற்று தோண்டியது இரவே மூடிக்கொண்டது. நீங்கள் சாப்பிட்டீர்களா?"

1995-இல் பாட்டி, அம்மாவைப் பெற்றவள், இறந்துபோனாள். தந்தி போய்ச் சேர்ந்து, அப்பா பெர்னெமிலிருந்து பஸ் பிடித்து, பெல்காம், ஹூப்ளி, பெங்களூர் என்று மாறி மாறி வந்து சேர்ந்தபோது சஞ்சயனம் முடிந்துவிட்டது. முழங்கால் வரை செம்மண் காய்ந்த பேன்ட்டோடு வாசலில் நின்றார். அம்மா அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீர் எடுத்து வைத்தாள், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் அந்தச் 'சக்களத்தி' அன்றைக்குப் பிறந்த சொல். அதற்கு முன்னால் அவள் விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பெர்னெம் ஸ்டேஷன் சின்னது, சுத்தமானது. இன்று பிளாட்பாரத்தில் எங்களைத் தவிர ஒரு நாயும் ஒரு போர்ட்டரும். சுரங்கத்துக்குள் நடந்தெல்லாம் போக முடியாது, போகவும் கூடாது. பாதை மலைக்குள் நுழைகிற திசையில், பச்சைக்கும் பனிக்கும் நடுவே பார்த்துக்கொண்டு நின்றோம். மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட பேட்ரோல்மேன் ஒருவர் கையில் விளக்கும் கொடியுமாகத் தண்டவாளத்தோடு நடந்து போனார். மழைக் காலம் முழுக்க இப்படித்தான். மலைச் சரிவுகளையும், பாதைக்காக மலையை வெட்டிய வெட்டுகளையும் ராத்திரி பகலாக ஆள் நடந்து பார்ப்பார்கள். மண் இன்னும் அடங்கிவிடவில்லை. 2020 ஆகஸ்டில் இதே சுரங்கத்தில் சுவர் சரிந்தது. 2024 ஜூலையில் உள்ளே தண்ணீர் ஊறிப் பாதை நின்றது. அப்பா அப்போது படுக்கையில் இருந்தார். செய்தியை நான் படித்துக் காட்டியதும் கண்ணைத் திறக்காமலே, "அது அப்படித்தான் பண்ணும்" என்றார். வீட்டுக்கு அடங்காத பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

அம்மா வெகுநேரம் நின்றாள். அப்புறம் பிளாட்பார ஓரத்தில் குனிந்து கொஞ்சம் மண்ணை எடுத்து விரலில் பிசைந்து பார்த்தாள். செக்கச் செவேலென்று ஒட்டியது. புடவைத் தலைப்பில் துடைக்கப் போனவளை நான் தடுத்தேன்.

"போகாதுடி இது. அந்தப் பேன்ட்டை மூணு தரம் துவைச்சேன். போகவே இல்லை."

ஐந்தாம் நாள்: ரத்னகிரி

காலையில் பெர்னெம் சுரங்கத்தை ரயிலில் கடந்தோம். நாங்கள் ஜன்னலை மூடுவதற்குள் முடிந்துவிட்டது.

எதிரே தெற்கு நோக்கிப் போகிற வண்டிகளில் கூட்டம் பிதுங்குகிறது. பிள்ளையார் சதுர்த்திக்கு மும்பைக்காரர்கள் ஊர் திரும்புகிறார்கள். எங்கள் பெட்டி காலி.

வைபவ்வாடி வந்தபோது அம்மாவே சொன்னாள், "இதுதானே அந்த ஊர்?" 2003 ஜூன் 22, ராத்திரி. வெட்டிலிருந்து பாறை சரிந்து விழுந்து, வந்த ரயில் மோதி, ஐம்பது பேருக்கு மேல் செத்துப் போனார்கள். அப்பா ஓய்வு பெற்று இரண்டு வருஷம். அது அவர் பார்த்த செக்‌ஷனும் இல்லை. ஆனாலும் இரண்டு நாள் டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. அடுத்த வருஷம் இன்னொரு விபத்து. அப்புறம் வெட்டுகளைச் சாய்வாக்கினார்கள், இரும்பு வலை போட்டார்கள், கனமழையில் வேகத்தை 40-க்குக் குறைத்தார்கள். இன்றைக்கு இருபுறமும் அந்த வலைகள் தெரிந்துகொண்டே வந்தன.

பான்வல் நதிப் பாலம் ரத்னகிரிக்குச் சற்று முன்னால். அப்பா இதைக் கட்டவில்லை, லீவு போட்டுவிட்டுப் பார்க்க மட்டும் வந்தார். 424 மீட்டர் நீளம், உயரமான தூண் 64 மீட்டர். அவ்வளவு ஆழப் பள்ளத்தில் சாரம் கட்டி மேல்தளம் போட முடியாது. அதனால் கரையிலேயே துண்டு துண்டாக வார்த்து, முன்னால் ஓர் இரும்பு மூக்கை மாட்டி, ஜாக்கி வைத்துப் பின்னாலிருந்து தள்ளித் தள்ளித் தூண்களின் மேல் நகர்த்திவிட்டார்கள். இந்தியாவில் அந்த முறை அதுதான் முதல் தடவை. அந்தத் தீபாவளிக்கு வந்திருந்தபோது, அம்மா பிழிந்துகொண்டிருந்த முறுக்கு நாழியைப் பிடுங்கி, இரண்டு டம்ளருக்கு மேல் குறுக்கே பிழிந்து காட்டினார். மாவு மூன்றாவது டம்ளரை எட்டுவதற்குள் நடுவில் தொங்கி அறுந்து விழுந்தது. "அதுக்குத்தான் மூக்கு" என்றார். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, அம்மா அவரைச் சமையலறையை விட்டே துரத்தினாள்.

இன்று பாலத்தின் மேல் வண்டி போகும்போது கீழே மர உச்சிகள்தான் தெரிந்தன. அம்மா ஜன்னலை விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். "நீயே பாரு. எனக்கு முறுக்குதான் ஞாபகம் வருது."

ரத்னகிரி ஸ்டேஷன் பக்கம் இந்தப் பாதைக்காக உயிர் விட்ட தொழிலாளர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. மழையில் குடை பிடித்துக்கொண்டு போனோம். அப்பாவின் இரண்டாவது நோட்டில் ஒரு பக்கம் எண்களே இல்லாமல் இருக்கிறது. "இன்று வேலை இல்லை. உள்ளே ஒருவர்." அதற்குக் கீழே ஒரு தொகை, ஓர் ஊர்ப் பெயர், மணியார்டர் என்ற சொல். அடுத்த மூன்று மாதங்களிலும் அதே ஊர், அதே தொகை. அம்மாவுக்கு அந்த மாதங்கள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு வரும் பணம் குறைந்ததென்று கடிதத்தில் சண்டை போட்டிருக்கிறாள். ரயில்வே பாண்டு வாங்கினேன் என்று பதில் எழுதினாராம். (பாண்டும் வாங்கினார்தான். பாதையின் பெரும்பகுதிப் பணம் அப்படிப் பாண்டு விற்றுத்தான் திரட்டினார்கள்.)

"பொய் சொல்லத் தெரியாத மனுஷன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேன்" என்றாள். கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

சாயங்காலம் தீபா அரண்மனை. 1885-இல் பர்மாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கடைசி மன்னர் தீபா இந்த ஊரில்தான் முப்பது வருஷம் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்து, 1916-இல் இறந்தார். அழகான இடம். எங்களுக்குத்தான் மனசு அதில் ஓடவில்லை.

ஆறாம் நாள்: மாண்டவி எக்ஸ்பிரஸ்

மும்பை போய் அங்கிருந்து நாளை விமானத்தில் சென்னை. தம்பி டிக்கெட் போட்டுவிட்டான்.

வண்டி அரை மணி தாமதம். ஏறி உட்கார்ந்ததும் கட்லெட்காரர் வந்தார், பின்னாலேயே தக்காளி சூப். இந்த வண்டியின் சாப்பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் உண்மை. அம்மா ஒரு கட்லெட்டைப் பாதியாக உடைத்து எனக்குக் கொடுத்துவிட்டு, பையிலிருந்து ஹெச்.எம்.டி.யை எடுத்துச் சாவி கொடுத்தாள்.

ரத்னகிரி தாண்டி போகே ஸ்டேஷன். அதற்கும் உக்ஷிக்கும் நடுவில் கர்புடே சுரங்கம், ஆறரை கிலோமீட்டர். காஷ்மீரில் பீர் பஞ்சால் வரும்வரை பல வருஷம் நாட்டிலேயே நீளமான ரயில் சுரங்கம் இதுதான். நான் அதைப் பற்றி அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இருட்டியதும் அவள் கடிகாரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பெட்டியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உதடு அசைந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையை உயர்த்தி நிறுத்தினாள்.

காதடைத்தது. சக்கரச் சத்தம் சுவரில் மோதித் திரும்பியது. ஈர மண் வாசம் உள்ளே வந்தது. கட்லெட் ஆறிப்போனது.

வெளிச்சம் வந்து, மலையும் மழையும் மறுபடி தெரிந்தபோது, "அஞ்சு நிமிஷம் இருவது விநாடி" என்றாள். "எவ்வளவு வேகம்னு போட்டுச் சொல்லு."

போனை எடுத்துப் போட்டேன். "எழுபத்து மூணும்மா."

"மழைக்காலம். அதுக்கு இது சரிதான்."

மூன்றாவது லெவல் புக்கின் பின்பக்கத்தில் நிறையக் கட்டங்கள் காலியாக இருந்தன. என்னிடம் பேனா வாங்கி, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதில எந்தக் கட்டத்தில எழுதறதுடி?"

"எதில வேணா எழுதும்மா."

பேக் சைட் என்று போட்டிருந்த முதல் பத்தியில், பால் கணக்கு எழுதுகிற அதே சாய்ந்த கையெழுத்தில், கர்புடே 5.20 என்று எழுதினாள். அப்புறம் அடுத்த கிலோமீட்டர் கல்லுக்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.